மாமன் சீராக வந்த தையல் மிஷின்

பிள்ளைகளா, உங்கள் மாமனைப் பற்றி இதில் நல்லதாக எதையும் எழுதப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றியும் நல்லது அதிகம் இருக்காது. நான் படித்தது பத்தாவது. அதுவும் கணக்கில் ஒருமுறை போய், மறுபடி எழுதித் தேறியது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்கு மிஷின் வந்த கதையை உங்கள் மாமன் போகிற வீட்டிலெல்லாம் ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் அம்மா வாயே திறப்பதில்லை. அப்படியே விட்டால் அவர் சொன்னதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

அம்மா பத்து வருஷமாக இன்னொரு பெண்ணின் தையல் அறையில், அந்தப் பெண்ணின் மிஷினில் உட்கார்ந்து தைத்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அரியலூர்க் கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடை ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே ஒரு டெய்லர் இருந்தார். கடையில் பேண்ட் எடுத்தவர்களுக்குக் கையோடு நீளம் குறைத்து மடித்துக் கொடுப்பார், சட்டைக்குப் பக்கம் பிடிப்பார், சுடிதாருக்குக் கை வைப்பார். அவர் மகனோடு இருக்கிறேன் என்று ஓசூருக்குப் போய்விட்டார். கடை முதலாளி அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"எடம் சும்மாதாம்மா கெடக்கு. சொந்த மிஷினோட வந்து உக்காருங்க. ஆனா ஸ்கூல் தொறக்கறப்போ ஆள் இருக்கணும். யூனிபார்ம் கூட்டத்துல நான் நின்னு பதில் சொல்ல முடியாது. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

அம்மா அந்த இடத்தைச் சாணால் அளந்துகொண்டு வந்தாள். அகலம் நாலு சாண், படிச் சரிவு தலையில் இடிக்காமல் உட்கார மூன்று சாண் ஆழம். சாப்பிடும்போது அதையே மூன்று தடவை சொன்னாள். பத்து வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசியது அப்போதுதான்.

வைகாசியில் பெரியவளுக்குச் சடங்கு வைத்தோம். மாமன் சீர் கொண்டு வர வேண்டும். உங்கள் மாமன் சிறுவாச்சூரில் ரோட்டோரம் கடை வைத்திருப்பவர். கோயில் திறக்கிற திங்களும் வெள்ளியும் தேங்காய், பூ, சூடம் விற்பார். மற்ற ஐந்து நாளும் ஊருக்கெல்லாம் யோசனை சொல்வார். அன்றைக்கு மேளத்தோடு வந்தார். பழத்தட்டு, புடவைத்தட்டு, பலகாரத்தட்டு எல்லாம் முன்னால் வர, கடைசியில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு தையல் மிஷினைக் கொண்டு வந்தார்கள். வெள்ளை வெளேர் என்று பிளாஸ்டிக் உடம்பு. பக்கவாட்டில் ஊதாப் பூ போட்டிருந்தது. அதன் மேல் நாலு இடத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, தலையில் பூச்சரம் சுற்றியிருந்தார்கள்.

"தங்கச்சி கடை போடப் போவுதுல்ல," என்றார் மாமன், தெருவுக்கே கேட்கும்படி. "மாமன் சீர்ல மிஷின் வந்த வூடு இந்தத் தெருவுல இன்னொண்ணு இருந்தா காட்டுங்க, பாப்போம்."

அங்கேதான் என் புத்தி கெட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிறவன் நான். லாரி மேடையில் ஏறும்போதே டயர் அமுங்குவதைப் பார்த்து இத்தனை டன் என்று சொல்வேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். கனம் இல்லாத சாமானில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதோடு, மாமன் கல்யாணத்திலிருந்தே என்னை நடத்துகிற விதமும் எனக்குப் பிடிக்காது. தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்ததும் நான் போய் அந்த மிஷினை ஒற்றைக் கையால் தூக்கினேன். எல்லோரும் பார்க்கும்படி தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.

"என்ன மச்சான், பாப்பாவுக்கு வெளயாட்டுச் சாமானா?"

சிரித்தார்கள். நாலு பேர் சிரித்தால் போதும், நாற்பது பேர் சிரித்த மாதிரி.

"மாப்ள, அது இருபது வகத் தையல் போடும்," என்றார் மாமன்.

"இருபது வேணாம். ஜீன்ஸ் பேண்ட்டு மடிப்புல ஒரு தையல் போட்டுக் காட்டச் சொல்லுங்க."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ணு குடுத்த எடம், பேசாமப் போறேன். வேற எடமா இருந்தா நடக்கறது வேற."

கை நனைக்காமல் போனார். அவரோடு வந்த பதினாறு பேரும் சாப்பிடாமல் வேன் ஏறினார்கள். பெரியவளே, நீ மணையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாய். நான் மிஷினை இறக்கி வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு வாரம் அம்மா என்னிடம் நேராகப் பேசவில்லை. "உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு" என்பது சின்னவன் வழியாக வரும். அவன் அதையும் பாதி தூரம் வந்து மறந்துவிடுவான்.

இரண்டாம் நாளே அம்மா அந்த மிஷினைப் படிக்குக் கீழே கொண்டுபோய் மேஜை மேல் வைத்து உட்கார்ந்துவிட்டாள். நியாயமாகச் சொன்னால், புடவைக்கு ஓரம் அடிக்கவும் ஜாக்கெட் தைக்கவும் அது நன்றாகவே ஓடியது. பிரிகிற துணிக்கு வளைந்து வளைந்து போடும் தையல்கூட அழகாக வந்தது. மூன்றாம் நாள் மதியம் நான் சாப்பாடு எடுத்துப் போனபோது ஒரு பையன் புது ஜீன்ஸோடு நின்றான். கல்லூரியில் படிக்கிறவன். நீளம் குறைக்க வேண்டும்.

ஜீன்ஸில் பக்கத் தையல் இருக்கிறதல்லவா, அது ஏற்கெனவே மடிப்பின் மேல் மடிப்பு. கீழே மடித்துத் தைக்கும்போது அந்த இடத்தில் எட்டுப் பத்து அடுக்கு சேர்ந்து மேடாக நிற்கும். மிஷின் அந்த மேட்டுக்கு வந்ததும் உறுமியது, நின்றது. ஊசி முறிந்தது. அம்மா கனத்த ஊசி மாற்றினாள். அதுவும் முறிந்தது. மூன்றாவது ஊசியின் முனை தெறித்துப் பையன் சட்டையில் பட்டது. ரப்பர் தீய்ந்த வாடை வந்தது.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது வூட்டு மிஷினா? இத வச்சுக்கிட்டு ஜூன் மாசத்துல என்னா பண்ணுவீங்க? இன்னும் இருபது நாள்தான் இருக்கு."

அம்மா துணிக்குள் சிக்கிய ஊசித்துண்டை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டுச் சொன்னேன்: "நான் அன்னிக்கே சொன்னேன்."

பிள்ளைகளா, எழுதவே கூசுகிறது. அவள் தோற்று உட்கார்ந்திருந்தபோது எனக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வாரம் அதையே எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை.

மிஷின் வாங்கிய கடை பெரம்பலூரில் இருந்தது. டப்பாவில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். பில்லும் வேண்டும், பொருளும் புதிதாக இருக்க வேண்டும், அப்படி இருந்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். பொருள் புதிதுதான். ஆனால் சீரில் வைத்த மஞ்சள் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஊறிப் போயிருந்தது. சோப்புப் போட்டேன், போகவில்லை. வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் துணியில் நனைத்துத் துடைத்தேன். மஞ்சள் போனது. எனக்கு ஒரே குஷி. மிஷின் முழுவதையும் அழுத்தித் துடைத்தேன். முடித்துப் பார்த்தால் தையல் வகையைத் திருப்பும் வட்டத் திருகில் ஒரு நம்பர்கூட இல்லை. ஊதாப் பூவில் பாதி கரைந்து இழுவிக் கிடந்தது. மினுமினுப்பாக இருந்த உடம்பு சாம்பல் பூத்துவிட்டது.

அம்மா வந்து மோந்து பார்த்தாள். "பெட்ரோலா?"

"மஞ்சளப் போக்கினேன்."

"சீர்ல வச்ச குங்குமத்த எந்த வூட்லயாவது தொடப்பாங்களா?" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பில் மாமனிடம் இருந்தது. வியாழக்கிழமை பார்த்துப் போனேன், அன்று அவருக்குக் கடை கிடையாது என்பதால். கட்டிலில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பினார். உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டே கேட்டேன்.

"பில்லு வேணும் மச்சான். மிஷின மாத்தணும்."

"சீர மாத்துறதா? எங்க வழக்கத்துல சீரத் திருப்புனா ஒறவே வேணாம்னு அர்த்தம்."

"ஒங்க வழக்கத்துல ஜீன்ஸ் தைக்காத மிஷினுக்கு என்னா பேரு?"

"தைக்கத் தெரியாத கையில குடுத்தா எந்த மிஷினும் ஒடயத்தான் செய்யும்."

"ஒங்க தங்கச்சி கைதான் மச்சான் அது."

அவர் பேப்பரை மடித்தார். அந்த ஒரு வார்த்தை அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் பில்லை என் கையில் தரவில்லை. "நான் வாங்குன பொருளு. மாத்துறதா இருந்தா நான்தான் மாத்துவேன். அதையும் தங்கச்சியக் கூட்டிக்கிட்டுத்தான். ஒங்க கையில குடுத்தா நீங்க ரோடு ரோலரு வாங்கிட்டு வருவீங்க."

சனிக்கிழமை நானும் அம்மாவும் மிஷினோடு பஸ்ஸில் பெரம்பலூர் போனோம். மாமன் கடை வாசலில் நின்றார். என்னைத் தாண்டி அம்மாவிடம் மட்டும், "வா" என்றார்.

கடைக்காரர் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இதுல நம்பர்லாம் எங்க?"

"வாங்குறப்பவே இப்புடித்தான் இருந்துச்சு," என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

மாமன் என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் என்னா, அழிஞ்ச மிஷின சீர்ல கொண்டாந்தேனா? நானே திருகிப் பாத்து வாங்குனேன்யா."

"பாத்தீங்களோ என்னமோ. கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

கடைக்காரர் நடுவில் கையை நீட்டினார். வேறு இரண்டு பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மா சத்தம் போடாமல் கடைக்காரரிடம் சொன்னாள்: "இவருதாங்க பெட்ரோல் போட்டுத் தொடச்சாரு. கடைக்காரங்க மேலயும் தப்பு இல்ல, எங்கண்ணன் மேலயும் தப்பு இல்ல."

நான் எதிரில் இருந்த நூல்கண்டு அலமாரியைப் பார்த்தேன். மாமனும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

கடைக்காரர், புதிய பொருளாக எடுக்க முடியாது, பழைய மிஷின் விலைக்குத்தான் எடுக்கலாம் என்றார். சரி என்று ஒத்துக்கொண்டோம். அடுத்து எதை வாங்குவது என்று வந்தது. அப்போதும் நான் அடங்கவில்லை. மூலையில் ஒரு பவர் மிஷின் இருந்தது. பனியன் கம்பெனிகளில் வரிசையாகப் போட்டிருப்பார்களே, நீள மேஜையில் பதித்து, கீழே மோட்டார் வைத்தது, அதுதான். தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றேன், அசையவில்லை. "இதப் போடுங்க. இது தலமொறைக்கும் ஒழைக்கும்," என்றேன்.

கடைக்காரர் சந்தோஷமாகக் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி ஒன்றை இரண்டாக மடித்து வைத்து ஓட்டிக் காட்டினார். கோடு கிழித்த மாதிரி தையல் வந்தது. அம்மா தோள் பையைத் திறந்தாள். அதில் வெட்டி எறிந்த ஜீன்ஸ் கால், யூனிபார்ம் பேண்ட் துணி, பழைய ஜாக்கெட்டின் கை, புடவை ஓரம் எல்லாம் துண்டு துண்டாக வைத்திருந்தாள்.

"நீங்க வச்சது எந்த மிஷின்லயும் நல்லா வரும்ங்க. இத வையுங்க," என்றாள்.

ஜீன்ஸ் மேட்டைப் பவர் மிஷின் ஒன்றுமே இல்லை என்பதுபோல் ஏறிக் கடந்தது. நான் மாமனைப் பார்த்தேன். பிறகு அம்மா தானே உட்கார்ந்து ஜாக்கெட்டின் கையை வைத்தாள். பழைய தையல் இருந்த துளையிலேயே புதுத் தையல் விழ வேண்டும், ஆல்ட்ரேஷனில் அதுதான் முக்கியம். கால் வைத்ததும் மிஷின் சீறிக்கொண்டு ஓடி, பழைய துளைகளைத் தாண்டித் துணியின் அந்தப் பக்கம் போய் நின்றது. மெதுவாக அழுத்தினாள், மறுபடியும் அப்படியே.

"பழகினா சரியாய்டும்," என்றேன்.

"பத்து நாள்ல தொறக்குற ஸ்கூலுக்கு நான் எப்பங்க பழகறது? மேஜையே ஆறு சாண் இருக்கு, படிக்கடியில எங்க வைக்கறது? கரண்டு போனா வேல நின்னுடும்."

மாமன் சிரித்தார். "மாப்ள திருப்பூர்ல கம்பெனி வைக்கப் போறாரு. நீ குறுக்க பேசாத."

"நீங்க கொண்டாந்த பொம்மையால வந்த வென மச்சான் இது."

"பொம்மையக் குளிப்பாட்டுனது யாரு?"

"ரெண்டு பேரும் வெளிய போயி நில்லுங்க," என்றாள் அம்மா. "மிஷின்ல உக்காரப் போறது நான்."

போனோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் ஒரு தூணில், நான் ஒரு தூணில். உள்ளே அவள் ஒரு கறுப்பு மிஷினில் உட்கார்ந்தாள். டெய்லர்கள் வைத்திருக்கும் கால் மிஷின்தான், வார்ப்பிரும்பு ஸ்டாண்டு. எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. அவள் செய்ததெல்லாம் தெரிந்தது. முதலில் தைக்கவே இல்லை. ஊசித் தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள், ஆட்டம் இருக்கிறதா என்று. சக்கரத்தைக் கையால் ஒவ்வொரு சுற்றாக விட்டு, காதைக் கிட்டே வைத்தாள். தலையைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கம் முழுவதையும் பார்த்தாள். பாபின் பெட்டியைக் கழற்றி மாட்டி, அதைக் காட்டிக் கடைக்காரரிடம் ஏதோ கேட்டாள். அப்புறம்தான் ஜீன்ஸ். மேட்டுக்கு வந்ததும் காலை எடுத்துவிட்டாள். சக்கரத்தைக் கையால் திருப்பி, ஒரு குத்து, இன்னொரு குத்து என்று நாலைந்து தையலில் மேட்டைத் தாண்டிவிட்டு மறுபடி மிதித்தாள். பிறகு ஜாக்கெட், பிறகு புடவை ஓரம். முக்கால் மணி நேரம் ஆனது. கடைக்காரர் சலித்துப் போய் வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெளியே வந்து சொன்னாள்: "இதான். இதுக்கு வேணுங்கற சாமான் எல்லாம் அரியலூர்லயே கிடைக்கும். ரிப்பேர் பாக்கற ஆளும் ரெண்டு தெரு தள்ளி இருக்காரு. வேணும்னா பின்னாடி சின்ன மோட்டார் மாட்டிக்கலாம்." பிறகு மாமனிடம், "அண்ணே, நீ அன்னிக்குக் கொண்டாந்தது நான் கேட்டு வரல. இத நான் கேக்கறேன். மீதிய நீ போடு." என்னிடம் திரும்பி, "நீங்க வண்டி பாருங்க."

மாமன் உள்ளே போய்ப் போனை நீட்டிப் பணம் அனுப்பிவிட்டு வந்தார். நான் குட்டியானை வேன் ஒன்றைப் பேசி நிறுத்தினேன். ஏற்றும்போது ஸ்டாண்டின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நானும் பிடிக்க வேண்டியிருந்தது. கடைப்பையன் சாப்பிடப் போயிருந்தான். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தூக்கினோம்.

மாமன் டீ வாங்கினார், இரண்டு. ஒன்று அம்மாவுக்கு. குடித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இதுல மஞ்சள் வைக்கட்டுமா? இல்ல, ஆளு பெட்ரோலோட வருவாரா?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நான் அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை, நானும் சிறுவாச்சூர்ப் பக்கம் போகவில்லை. தீபாவளிக்கு உங்களை மட்டும் அனுப்பினோம். நாளைக்கு உங்களில் யாராவது ஒரு மிஷின் வாங்க வேண்டி வந்தால், அது எந்த மிஷினாக இருந்தாலும், அதில் உட்காரப் போகிறவரைத் தவிர மற்றவர்களை வெளியே நிறுத்திவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் வேறு என்ன சொல்ல.

பள்ளி திறந்த வாரம் படிக்குக் கீழே நிற்க இடமில்லை. கறுப்பு மிஷின் சளைக்காமல் ஓடியது. முதலாளி பாராட்டவெல்லாம் இல்லை, "அடுத்த ஆள அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அங்கே தரைக்கல் ஒன்று தாழ்ந்திருந்தது. மிதிக்கிற வேகத்தில் ஸ்டாண்டு ஆடியது. அம்மா அட்டையை மடித்துக் காலுக்குக் கீழே கொடுத்திருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை அது நழுவும், அவள் குனிந்து தள்ளிவிட்டு நிமிர்வாள். முதலாளி அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னிடம் அதைச் சொல்லவில்லை. சாப்பாடு கொண்டு போனபோது நானே பார்த்தேன்.

மறுநாள் காலை கடையைக் கூட்டிப் பெருக்கத் திறந்திருந்த நேரத்தில், வியாபாரம் தொடங்கும் முன் தனியாகப் போனேன். லாரி டயரிலிருந்து அறுத்த ரப்பர்த் துண்டு ஒன்று சட்டைப் பையில் இருந்தது. மண்டி போட்டு, அந்தத் தாழ்ந்த கல்லின் அளவுக்குக் கத்தியால் சீவிச் சீவி, அட்டையை உருவிவிட்டு ரப்பரைச் செருகினேன். இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. ரப்பர்ச் சீவலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.